திரவ நைட்ரஜனும் தொழிலாளியின் உயிரும்

நாம் சுவாசிக்கும் காற்றில் 100-க்கு 78 பங்கு நைட்ரஜன். பிறந்த கணம் முதல் இறுதி மூச்சு வரையில் ஒவ்வொரு சுவாசத்திலும் நெஞ்சுக்குள் புகுந்து, அங்கே ஒன்றையும் கொடாமலும் ஒன்றையும் கொள்ளாமலும் வந்த வழியே வெளியேறிவிடுகிற இந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. தானும் எரியாது, பிறிதொன்றை எரியவும் விடாது. விஷம் என்று சொல்லத்தக்க குணம் எதுவும் இதனிடம் கிடையாது. இத்தனை சாதுவான பொருளால் திடகாத்திரமான ஓர் இளைஞன் இரண்டு மூச்சுக்குள் நினைவிழந்து விழக்கூடும் என்பதையும், அவனைத் தூக்கப் போனவனும் அவன் பக்கத்திலேயே விழக்கூடும் என்பதையும், இந்த வாயுவைக் குளிரச் செய்து திரவமாக்கிப் பயன்படுத்தும் வேலைகளில் ஈடுபட்டிருப்போரும், அவர்களை வேலைக்கு வைத்திருப்போரும், அவர்களுக்காகச் சட்டம் செய்வோரும் நன்கு மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

காற்றைத் திரவமாக்கும் வித்தைக்குப் பிரெஞ்சு தேசத்தோடு நெருங்கிய சம்பந்தம் உண்டு. ஆதலால் ஒருகாலத்தில் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த நம் புதுச்சேரிவாசிகளுக்கு அச்சரித்திரம் சற்று விசேஷமானது. 1877 டிசம்பரில் லூயி கய்யெத்தே என்ற பிரெஞ்சுக்காரர், கடுமையாக அழுத்திக் குளிரவைத்த பிராணவாயுவைத் திடீரென்று விரிய விட்டபோது, கண்ணாடிக் குழாயினுள் ஒரு மெல்லிய மூட்டம் தோன்றி மறைந்ததைக் கண்டார். ஆறு ஆண்டுகள் கழித்து, 1883-இல், போலந்தின் கிராகோவ் நகரத்தில் விரூப்லெவ்ஸ்கி, ஒல்ஷெவ்ஸ்கி என்ற இருவர் பிராணவாயுவையும் நைட்ரஜனையும் கண்ணெதிரே நின்று கொதிக்கும் திரவமாகவே ஆக்கிக் காட்டினர். 1892-இல் ஜேம்ஸ் டூவர் இரட்டைச் சுவர்களுக்கு இடையே வெற்றிடம் அமைந்த குடுவையைச் செய்தார்; நம் வீடுகளில் காப்பியைச் சூடு ஆறாமல் வைத்திருக்கும் பிளாஸ்க் அதன் வழிவந்ததே. 1895-இல் ஜெர்மனியில் கார்ல் லிண்டே காற்றைத் தொழில் அளவில் திரவமாக்க வழி கண்டார். 1902-இல் பாரிஸில் ஜார்ஜ் க்ளோத் அதனினும் சிக்கனமான ஒரு முறையை வகுத்தார். அம்முறையை மூலதனமாகக் கொண்டு அதே ஆண்டில் தொடங்கிய 'ஏர் லிக்கீட்' கம்பெனி இன்றும் உலகின் மிகப்பெரிய வாயுக் கம்பெனிகளுள் ஒன்றாக விளங்குகிறது. திரவக் காற்றை மெல்ல உஷ்ணமேற்றினால் நைட்ரஜன் பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரியிலும் பிராணவாயு 183 டிகிரியிலும் கொதித்துப் பிரிகின்றன. மருத்துவமனைக்குப் போகும் பிராணவாயுவும் பட்டறைக்குப் போகும் நைட்ரஜனும் ஒரே கோபுரத்தில் பிறந்தவை. 2021-இல் கொரோனாவின் இரண்டாம் அலை வீசி, பிராணவாயுவைச் சுமக்க லாரிகள் போதாமல் நாடே தவித்தபோது, நைட்ரஜனும் ஆர்கானும் ஏற்றிச் சென்ற டாங்கர் லாரிகளைப் பிராணவாயுவுக்கு மாற்றும்படி மத்திய அரசு உத்தரவிட்டதைப் பலர் நினைவில் வைத்திருப்பார்கள்.

இந்தத் திரவத்துக்கு நம் ஊர்ப்பக்கத்தில் என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். வில்லியனூர், பாகூர், திருக்கனூர் பக்கத்துக் கிராமங்களில் பசு வளர்க்கும் குடும்பத்துப் பெண்மணி எவரும் இதைப் பார்த்திருப்பார். சினை ஊசி போட வருகிறவர் ஓர் அலுமினியக் குடுவையின் மூடியை எடுத்ததும் புகை புகையாகக் கிளம்புகிறதே, அது திரவ நைட்ரஜன்தான். ஒசூரிலும் உதகமண்டலத்திலும் தஞ்சை மாவட்டத்து ஈச்சங்கோட்டையிலும் உள்ள நிலையங்களில் உயர்ந்த ஜாதிக் காளைகளிடமிருந்து எடுத்துச் சிறு சிறு குழல்களில் உறைய வைத்த விந்து, ஆண்டுக்கணக்கில் ஜீவசக்தி குன்றாமல் இந்தத் திரவத்துக்குள்ளே கிடக்கிறது. வேண்டும்போது ஒரு குழலை எடுத்து 37 டிகிரி வெந்நீரில் அரை நிமிஷம் வைத்தால் அது மீண்டும் உயிர்ப்புக் கொள்கிறது. குழந்தைப்பேறு மருத்துவமனைகளில் கரு உறைந்து காத்திருப்பதும், ஆராய்ச்சிச் சாலைகளில் நுண்ணுயிர்கள் பேணப்படுவதும் இதே குளிரில்தான்.

தொழிற்பேட்டைகளில் இதன் உபயோகங்கள் பலவிதம். மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி, சேதராப்பட்டு, கிருமாம்பாக்கம் முதலிய பேட்டைகளில் நடக்கும் ரகத்தைச் சேர்ந்த தொழில்களையே எடுத்துக்கொள்வோம். துருப்பிடிக்காத எஃகுத் தகட்டை லேசர்க் கதிரால் அறுக்கும்போது விளிம்பு கறுக்காமல் இருக்க நைட்ரஜனைப் பீச்ச வேண்டும். பெரிய இயந்திரத்தின் துளைக்குள் புஷ், பேரிங் போன்றவற்றை இறுகப் பொருத்த வேண்டுமானால், சம்மட்டியால் அடிப்பதற்குப் பதிலாக, பொருத்தப்பட வேண்டியதைத் திரவ நைட்ரஜனில் அமிழ்த்திச் சுருங்க வைத்து, சுருங்கிய நிலையில் உள்ளே நுழைத்துவிட்டால், உஷ்ணம் ஏறியதும் அது தானே விரிந்து பற்றிக்கொள்ளும். மருந்துத் தொழிற்சாலைகளில் தீப்பற்றக்கூடிய கரைப்பான்கள் உள்ள கலங்களின் மேற்புறத்தில் காற்று அணுகாதபடி நைட்ரஜனை நிரப்பி வைக்கிறார்கள். காலாப்பட்டு மருந்துத் தொழிற்சாலை ஒன்றில் 2023 நவம்பரில் நேர்ந்த தீ விபத்தில் தொழிலாளர் பலர் காயமுற்றதை அறிந்த நமக்கு, தீயைத் தடுக்க வல்ல ஒரு வாயுவின் அருமை சொல்லாமலே விளங்கும். கோழிக்கறியையும் இறாலையும் நொடியில் உறைய வைப்பது, உணவுப் பொட்டலங்கள் கெடாமல் காப்பது, எண்ணெய்க் கலங்களைக் கழுவிச் சுத்தி செய்வது என்று இதன் உபகாரங்களை அடுக்கிக்கொண்டே போகலாம். இதை ஒழித்துவிட வேண்டும் என்று சொல்பவன் நானல்லன். இதனால் விளையும் நன்மை பெரிது. அந்நன்மையைப் பெறும் நாம் அதன் அபாயத்தைத் தொழிலாளி ஒருவனே தனியாகத் தாங்கும்படி விட்டுவிடலாகாது என்பதே என் வாதம்.

பொதுமக்களுக்குத் திரவ நைட்ரஜனின் அபாயம் இப்போது ஒருவாறு தெரிந்திருக்கிறது. 2017-இல் குருகிராமத்தில் ஒருவர் புகை பறக்கும் பானத்தை அப்படியே குடித்து இரைப்பையில் ஓட்டை விழுந்து உயிர் பிழைத்ததும், 2024-இல் கர்நாடகத்தின் தாவணகெரேயில் 'ஸ்மோக் பிஸ்கட்' தின்ற சிறுவன் துடித்த காட்சி நாடெங்கும் பரவியதும், பெங்களூரில் கல்யாண வரவேற்பில் புகை பீடா தின்ற 12 வயதுச் சிறுமிக்கு அறுவைச் சிகிச்சை செய்ய நேர்ந்ததும் பத்திரிகைகளில் வந்தன. உணவிலும் பானத்திலும் திரவ நைட்ரஜனைச் சேர்க்க ஹரியாணா அரசு தடை விதித்தது. தாவணகெரேச் சம்பவத்துக்குப் பின் தமிழ்நாட்டு உணவுப் பாதுகாப்புத் துறை சில நாட்களிலேயே எச்சரிக்கை விடுத்தது. குழந்தைகளைக் காக்க எடுத்த அந்த நடவடிக்கைகள் முற்றிலும் நியாயமானவை. ஆனால் தின்பவருக்கு நேரும் விபத்து கண்ணுக்கெதிரே கூட்டத்தின் நடுவே நேர்வது; வேலை செய்பவருக்கு நேரும் விபத்தோ ஒரு மூடிய அறையில், பெரும்பாலும் அவர் தனித்திருக்கையில் நேர்வது. அது கைப்பேசிக் காட்சியாகப் பரவுவதில்லை. ஆகவே அதற்கான அவசரமும் அரசாங்கங்களுக்கு உண்டாவதில்லை.

மூச்சு முட்டுகிறது என்ற உணர்ச்சி மனிதனுக்கு எதனால் உண்டாகிறது என்பதை இங்கே சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். விஷயத்தின் மர்மம் முழுவதும் அதில்தான் அடங்கியிருக்கிறது. பிராணவாயு குறைவதால்தான் மூச்சு முட்டுகிறது என்று நம்மில் பலரும் எண்ணியிருக்கிறோம். உடம்பின் ஏற்பாடு வேறு விதமானது. இரத்தத்தில் கரியமிலவாயு மிகும்போதுதான் மூளை 'மூச்சு விடு, மூச்சு விடு' என்று நம்மைத் துரத்துகிறது. தண்ணீரில் மூழ்கியவனும், தலையணையால் முகம் அமுக்கப்பட்டவனும் தவிப்பதற்குக் காரணம், வெளியேற வேண்டிய கரியமிலவாயு வெளியேற வழியின்றி உள்ளேயே தேங்குவது. நைட்ரஜன் நிறைந்த அறையில் நிற்பவனுக்கு அந்த இடைஞ்சல் இல்லை. அவன் தாராளமாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறான். கரியமிலவாயு வழக்கம்போல் வெளியேறிக்கொண்டிருக்கிறது. நெஞ்சு நிறையக் காற்று வாங்கும் திருப்தியும் அவனுக்குக் குறைவதில்லை. அவன் வாங்குகிற காற்றில் உயிர் தரும் பங்கு மட்டும் இல்லை. அதை அறிவிக்கும் கருவி எதையும் இயற்கை நம் உடலில் வைக்கவில்லை.

சாதாரணக் காற்றில் பிராணவாயு 100-க்கு 21 பங்குக்குச் சற்றுக் குறைவாக இருக்கிறது. அது 19.5-க்குக் கீழே போனால் அவ்விடம் வேலைக்கு ஏற்றதன்று என்பது தொழிற்பாதுகாப்பு நிபுணர்களின் பொதுவான நிர்ணயம். 16-க்குக் கீழே நாடி விரைகிறது, கை கால் ஒத்துழைப்புக் குன்றுகிறது. 14-க்கும் 10-க்கும் இடையே நிதானம் தவறுகிறது; சரியான முடிவு எது, தவறான முடிவு எது என்று பகுத்தறியும் சக்தியே போய்விடுகிறது. இதைவிடக் கொடிய விபரீதம் வேறில்லை. தப்பி ஓட வேண்டும் என்று தீர்மானிக்க வேண்டிய புத்தியே முதலில் கெட்டுவிட்டால், கதவு மூன்றடி தூரத்தில் இருந்தென்ன, முப்பதடி தூரத்தில் இருந்தென்ன? 6-க்கும் கீழே இறங்கினால் சில மூச்சுகளில் நினைவு போகிறது. சில நிமிஷங்களில் உயிரே போகிறது. விழுகிறவன் தான் விழப்போவதை அறியான்.

இனி, எவ்வளவு திரவம் இந்த நிலையை உண்டாக்கும் என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு லிட்டர் திரவ நைட்ரஜன் ஆவியானால் நம் ஊர் உஷ்ணத்தில் ஏறக்குறைய 700 லிட்டர் வாயுவாகிறது. நீளம், அகலம், உயரம் எல்லாம் பத்தடியுள்ள ஓர் அறையின் கொள்ளளவு சுமார் 28,000 லிட்டர். அந்த அறையில், கதவு ஜன்னல்கள் சாத்தியிருக்க, ஐந்து லிட்டர் திரவம் சிந்தி, எழுந்த வாயு அவ்வளவு காற்றை வெளியே தள்ளிவிட்டால், பிராணவாயு 18.4 பங்குக்கு இறங்கிவிடும். பத்து லிட்டர் சிந்தினால் 16-க்கும் கீழே. 50 லிட்டர்க் குடுவை ஒன்று உடைந்து கொட்டினால் அறையின் கொள்ளளவையும் மிஞ்சிய வாயு அங்கே உற்பத்தியாகும். இவ்வளவும் சராசரிக் கணக்கு. புதிதாய் எழுந்த குளிர்ந்த ஆவி காற்றைவிடக் கனமானது. மழைநீர் பள்ளத்தை நாடுவதுபோல் அது தரையை ஒட்டிப் பரவி, குழிகளிலும் கீழ்த்தளங்களிலும் நின்றுவிடும். ஆகையால் நிற்கிறவனுக்கு ஒன்றும் ஆகாத இடத்தில், கீழே விழுந்த ஸ்பானரை எடுக்கக் குனிகிறவன் மடியக்கூடும்.

கடற்கரை ஊராகிய புதுச்சேரிக்கு இதில் இரண்டு தனிச் சங்கடங்கள் உள்ளன. நம் காற்றில் ஈரம் அதிகம். திரவ நைட்ரஜனைத் திறந்தால் வெண்புகை திரளாக எழுகிறது. அந்தப் புகை நைட்ரஜன் அன்று, காற்றில் இருந்த நீராவி குளிர்ந்து கண்ணுக்குத் தெரியும் மூட்டம். நைட்ரஜனோ கண்ணுக்கே புலப்படாதது. புகை கலைந்தவுடன் ஆபத்தும் கலைந்துவிட்டது என்று நம்பி உள்ளே நுழைகிறவர்கள், உஷ்ணம் ஏறியதால் மூட்டம் மட்டும் மறைந்து வாயு அப்படியே நிற்கிற அறைக்குள் நுழைகிறார்கள். இரண்டாவது சங்கடம், வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் அஞ்சி ஏ.சி. வைத்து அறைகளை இறுக அடைத்துக்கொள்வது. சாதாரண ஏ.சி. யந்திரம் உள்ளே இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறதே தவிர வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. ஜில்லென்று சுகமாக இருக்கும் அறையில் காற்றோட்டம் இருக்கிறது என்று எண்ணுவது உயிருக்கே உலை வைக்கும் மயக்கம்.

விழுந்தவனைத் தூக்கப் போகிறவனைப் பற்றி முதலில் குறிப்பிட்டேன். என் மனத்தை மிகவும் வாட்டுவது அதுதான். அமெரிக்காவின் டெலாவேர் மாநிலத்தில், 2005 நவம்பர் 5-ஆம் நாள், ஓர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் நைட்ரஜன் நிரப்பப்பட்டிருந்த கலம் ஒன்றின் வாயருகே இரு ஒப்பந்தத் தொழிலாளர் வேலை பார்த்தனர். கலத்தினுள்ளே ஒட்டுநாடாச் சுருள் ஒன்று கிடந்தது. அதை வெளியே எடுக்க முயன்றவர் உள்ளே விழுந்து மயங்கினார். அவரைக் காப்பாற்ற ஏணியை இறக்கிக்கொண்டு இறங்கினார் மற்றவர். இருவரும் இறந்தனர். சில காசு பெறுமான ஒரு நாடாச் சுருளுக்காக ஓர் உயிர். அந்த உயிருக்காக மற்றோர் உயிர்.

2021 ஜனவரி 28-ஆம் நாள், ஜார்ஜியா மாநிலத்துக் கெயின்ஸ்வில் நகரத்தில், கோழிக்கறியை உறைய வைக்கும் ஆலையில் நடந்தது இன்னும் கோரமானது. திரவ நைட்ரஜன் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று அளந்து சொல்ல வேண்டிய ஒரு குழாய் வளைந்துபோயிருந்தது; அதனால் திரவம் அளவுமீறி நிரம்பி வழிந்தது; அறை முழுவதும் வெண்மூட்டம் கவிந்தது. யந்திரத்தைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்த இருவர் மாண்டனர். என்ன நேர்ந்தது என்று பார்க்கவும் அவர்களை மீட்கவும் 14 பேராவது அந்த அறைக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் ஓடினார்கள். அவர்களில் நால்வர் மடிந்தனர். ஆக மொத்தம் ஆறு உயிர்கள். பிராணவாயு குறைந்துவிட்டதென்று கூவி எச்சரிக்கும் கருவி ஒன்றுகூட அந்த அறையில் இருக்கவில்லை என்று, விசாரணை செய்த அமெரிக்க ரசாயனப் பாதுகாப்பு வாரியம் கண்டது. 1992 முதல் 2002 வரையில் நைட்ரஜனால் மூச்சடைத்த 85 சம்பவங்களை அதே வாரியம் முன்பே திரட்டி, அவற்றில் 80 பேர் இறந்ததையும் 50 பேர் காயமுற்றதையும் 2003-இலேயே எடுத்துக்காட்டியிருந்தது. எச்சரிக்கை அச்சிடப்பட்டுப் பதினெட்டு ஆண்டுகள் ஆன பின்பும், அது போய்ச் சேர வேண்டிய கோழி ஆலைக்குப் போய்ச் சேரவில்லை.

அயல்நாட்டுக் கதைகள் என்று இவற்றை ஒதுக்க வேண்டாம். வாயு வேறாயினும், நிகழ்ந்த விதம் இதுவேயான ஒரு துயரத்தை நம் ஊர் கண்டிருக்கிறது. 2024 ஜூன் 11-ஆம் நாள் ரெட்டியார்பாளையம் புதுநகரில், பாதாளச் சாக்கடையிலிருந்து கழிவறை வழியே ஏறிய நச்சுவாயுவால் மூதாட்டி ஒருவர் மயங்கி விழுந்தார். அம்மா விழுந்துவிட்டாரே என்று தூக்க ஓடிய மகளும் விழுந்தார். பக்கத்து வீட்டில் பதினைந்து வயதுச் சிறுமியும் பலியானாள். தாய் விழுந்தால் மகள் ஓடாமல் இருப்பாளா? உடன் வேலை செய்கிறவன் விழுந்தால் மற்றவன் ஓடாமல் இருப்பானா? மனிதனிடத்தில் உள்ள மிக உயர்ந்த குணமே இந்த விபத்துகளில் அவனுக்கு எமனாக வருகிறது. அந்தக் குணத்தைக் குறை சொல்ல எனக்கு நா எழாது. அதற்குச் சரியான கருவியையும் பயிற்சியையும் கொடுக்காமல் விட்ட நம்மையே நான் குறை சொல்கிறேன்.

திரவத்தின் குளிராலும் அழுத்தத்தாலும் வரும் கேடுகளைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அவை கண்ணுக்குத் தெரிபவை, ஆதலால் தொழிலாளர்களே ஓரளவு எச்சரிக்கையாக இருக்கிறார்கள். தோலில் சில துளி தெறித்தால் அது உருண்டோடிவிடும். துணியிலோ செருப்பிலோ தேங்கினால் சதையை எரிக்கும். கையுறை தளர்ச்சியாக இருக்க வேண்டும், உதறியவுடன் கழன்று விழும்படியாக. கால்சட்டை பூட்ஸுக்கு வெளியே தொங்க வேண்டும். சாதாரண எஃகு இந்தக் குளிரில் கண்ணாடியைப் போல நொறுங்கும் தன்மை அடைவதால், கண்ட வாளியிலும் டப்பாவிலும் பிடித்துவைப்பது தகாது. குடுவையை ஒருபோதும் இறுக மூடலாகாது. விரியும் வாயுவுக்கு வழி வேண்டும். டெக்ஸாஸ் பல்கலைக்கழகம் ஒன்றில் திரவ நைட்ரஜன் தொட்டியின் பாதுகாப்பு வால்வுகள் பழுதான போது யாரோ பித்தளை அடைப்பான்களை வைத்து முறுக்கிவிட்டிருந்தார்கள். ஆண்டுகள் பல கடந்து, 2006 ஜனவரியில் ஒருநாள் பின்னிரவில் அது வெடித்துக் கட்டடத்தையே குலைத்தது. பகலாக இருந்திருந்தால் மாணவர்கள் மாண்டிருப்பார்கள். நம் ஊர் ஈரக்காற்றில் குடுவையின் கழுத்தில் பனிக்கட்டி உறைந்து, யாரும் வைக்காமலே அடைப்பான் உண்டாகிவிடும் என்பதைச் சினை ஊசிக் குடுவை வைத்திருப்பவர்களும் கவனிக்க வேண்டும்.

சட்டம் ஊமையாக இல்லை. 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 36-ஆம் பிரிவு, வாயு தேங்கியிருக்கக்கூடிய கலம், தொட்டி, குழி, குழாய் முதலிய எந்த அடைபட்ட இடத்துக்குள்ளும், தகுதியுள்ள ஒருவர் தாமே சோதித்து எழுத்து மூலம் சான்று கொடுத்தாலன்றி, அல்லது இறங்குகிறவர் சுவாசக் கருவி அணிந்து இடுப்பில் பட்டையும் கயிறும் பூண்டு அக்கயிற்றின் மறுமுனையை வெளியே நிற்கும் ஒருவர் பிடித்திருந்தாலன்றி, எவரையும் இறக்கலாகாது என்று விதித்தது. அந்தக் கயிற்றை நினைத்துப் பாருங்கள். வெளியே நிற்பவன் உள்ளே இறங்காமலே தோழனை இழுத்துவிடலாம்; ஒரு முழக் கயிற்றின் விலைக்கு ஓர் உயிரைக் காக்கும் விவேகம் எழுபது ஆண்டுகளுக்கு முன்பே சட்டப் புத்தகத்தில் இருந்தது. கிணறு தூர்வாருவோர் இறங்குமுன் எரியும் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பதும், அது அணைந்தால் இறங்க மறுப்பதும் அதே விவேகந்தான். கரைப்பான்களும் வாயுக்களும் நிறைந்த ஆலையில் விளக்கைக் கொண்டுபோக முடியாது. அதன் இடத்தில் சட்டைப் பையில் மாட்டிக்கொள்ளும் பிராணவாயு மானி வந்திருக்கிறது. அதன் விலை நடுத்தரமான ஒரு கைப்பேசியின் விலை.

சட்டத்தின் குறை அதன் எல்லையில் இருக்கிறது. 1,000 லிட்டருக்கு மேற்பட்ட அழுத்தக் கலங்களுக்கென்று மத்திய அரசின் தனி விதிகள் உண்டு. நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட வெடிபொருள் பாதுகாப்பு நிறுவனம் அவற்றைக் கண்காணிக்கிறது. ஒரு பட்டறை மூலையில் நிற்கும் 50 லிட்டர்க் குடுவை அந்த விதிகளுக்குள் வருவதில்லை. சிறிய அறையில் ஆளைக் கொல்ல அது போதும் என்பதை மேலே கணக்கிட்டோம். மின்சக்தி உபயோகிக்கும் இடத்தில் பத்துப் பேர் வேலை செய்தால் அது தொழிற்சாலை என்று 1948-ஆம் வருஷத்துச் சட்டம் வரையறுத்தது. அதன் இடத்தைக் கொள்ள 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிற்பாதுகாப்புச் சட்டத்தொகுப்போ அந்த எண்ணிக்கையை இருபதாக உயர்த்தியது. ஏழெட்டுப் பேர் வேலை செய்யும் லேசர்ப் பட்டறைத் தொழிலாளியின் நுரையீரல் பெரிய ஆலைத் தொழிலாளியின் நுரையீரலிலிருந்து வேறுபட்டதா? அபாயகரமான வேலை நடக்கும் இடங்களுக்கு ஆள் எண்ணிக்கை பாராமல் சட்டத்தை விரிக்கும் அதிகாரம் பழைய சட்டத்தின் 85-ஆம் பிரிவில் மாநில அரசுக்கு இருந்தது. புதிய தொகுப்பிலும் ஒரே ஒரு தொழிலாளி இருக்கும் இடத்தைக்கூட அறிவிக்கையால் சேர்க்க மத்திய அரசுக்கு வழி உண்டு. அதிகாரம் இருப்பது வேறு, அதைப் பிரயோகிப்பது வேறு.

தொழிலாளர் பாதுகாப்பு என்ற விஷயத்தில் மற்ற ஊர்களைப் பார்த்து நடக்க வேண்டிய நிலையில் புதுச்சேரி என்றுமே இருந்ததில்லை. 1936 ஜூலை 30-ஆம் நாள் சவானா ஆலைத் தொழிலாளர் மீது பிரெஞ்சு ஆட்சியின் படை சுட்டதில் 12 பேர் உயிர் நீத்தனர். வ. சுப்பையா முதலியோர் முன்னின்று நடத்திய அப்போராட்டத்தின் பயனாக எட்டு மணி நேர வேலையும் சங்கம் அமைக்கும் உரிமையும் இம்மண்ணில் சட்டமாயின. இத்தனை மணி நேரத்துக்கு மேல் ஒருவனை உழைக்கச் சொல்லலாகாது என்று அன்று நிலைநாட்டிய ஊர், அந்த எட்டு மணி நேரமும் அவன் சுவாசிக்கும் காற்றில் உயிர் இருக்க வேண்டும் என்பதை இன்று நிலைநாட்டுவது அதன் இயல்பான அடுத்த கடமை. ஜூலை 30-இல் அத்தியாகிகளுக்கு மாலை அணிவிக்கும் கட்சிகள் எல்லாம் இந்தக் கோரிக்கையைத் தங்கள் கோரிக்கையாக ஏற்கத் தடை என்ன?

புதுச்சேரி அரசிடம் நான் வேண்டுவது பெரிய செலவில் முடிகிற காரியமன்று. தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்தில் திரவ நைட்ரஜன் வைத்திருக்கும் இடங்கள் அனைத்துக்கும், குடுவை எவ்வளவு சிறியதாயினும், ஒரு பதிவேடு திறக்கப்பட வேண்டும். திரவத்தை விநியோகம் செய்யும் கம்பெனிகளிடம் விலைச்சீட்டுகள் இருக்கின்றன, ஆகையால் பட்டியல் எடுப்பது சிரமமன்று. அடைபட்ட அறையில் அதை வைத்திருப்பவர்கள், 19.5-க்குக் கீழே பிராணவாயு இறங்கினால் கூவும் எச்சரிக்கைக் கருவியை, தரைக்கு அருகே ஒன்றும் முகத்தின் உயரத்தில் ஒன்றுமாகப் பொருத்த வேண்டும். அது கூவுவது அறைக்கு வெளியே நிற்பவருக்கும் கேட்க வேண்டும், விளக்கும் எரிய வேண்டும். எச்சரிக்கைப் பலகை தமிழில் இருக்க வேண்டும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து உழைப்பவர்கள் உள்ள இடங்களில் ஒடியாவிலும் இந்தியிலும் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் அச்சிட்ட அறிவிப்பு ஆய்வாளர் பார்த்துவிட்டுப் போவதற்கு உதவும். லிஃப்டில் குடுவையோடு தானும் ஏறிப் போகலாகாது என்பதை அந்தக் குடுவையைத் தள்ளிக்கொண்டு போகும் பையனுக்கு அது எப்படிச் சொல்லும்? ஒப்பந்தத் தொழிலாளி முதல் நாள் வேலைக்கு வரும்போதே, இந்தத் திரவம் என்ன செய்யும் என்பதை வாய்மொழியாக, அவன் பாஷையில், ஒருவர் அரைமணி நேரம் செலவிட்டுச் சொல்ல வேண்டும்.

முதலாளிமார்களுக்கு ஒரு வார்த்தை. உங்களில் பலர் சொந்த உழைப்பால் பட்டறை வைத்து முன்னேறியவர்கள். தொழிலாளியின் பக்கத்தில் நின்று நீங்களும் வேலை செய்கிறீர்கள். அந்த அறையில் நாளை விழப்போவது நீங்களாகவோ உங்கள் மகனாகவோ இருக்கலாம். கருவியைச் சட்டம் கட்டாயப்படுத்தும் வரை காத்திராதீர்கள்.

தொழிலாளத் தோழர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு; இதைக் கத்தரித்துப் பட்டறைச் சுவரில் ஒட்டினாலும் தகும். நைட்ரஜன் இருக்கும் அறையில் ஒருவர் விழுந்து கிடக்கக் கண்டால் உள்ளே ஓடாதீர்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு போய்விடலாம் என்று எண்ணாதீர்கள். கைக்குட்டையைக் கட்டிக்கொண்டாலும், கொரோனாவுக்குப் போட்ட முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டாலும் பயன் இல்லை; அவை தூசியைத் தடுக்கும், பிராணவாயுவைக் கொண்டுவரா. வெளியிலிருந்தே கதவையும் ஜன்னல்களையும் திறந்துவிடுங்கள். வெளியே உள்ள வால்வை மூடுங்கள். மற்றவர்களை அகலச் சொல்லுங்கள். 112-ஐ அழைத்து, வாயு விபத்து என்றும் சுவாசக் கருவியோடு வரவேண்டும் என்றும் சொல்லுங்கள். இடுப்பில் கயிறு கட்டியிருந்தால் வெளியே நின்றபடியே இழுங்கள். வெளியே கொண்டுவந்தபின் மூச்சு நின்றிருந்தால், ஆம்புலன்ஸ் வரும் வரையில் செயற்கைச் சுவாசமும் மார்பழுத்தமும் கொடுங்கள். அடுத்த முறை உள்ளே போக நேரும்போது, கயிறும் மானியும் இல்லாமல் போகமாட்டேன் என்று மேஸ்திரியிடம் சொல்லுங்கள். அப்படிச் சொல்வதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.